கழியும் களியும்

சென்ற காணும் பொங்கலன்று எங்கள் வீட்டில் ஒரு சிறு பூசல். எங்கள் பக்கத்தில் அந்நாளைக் கரிநாள் என்பார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ குடும்பத்தோடு போவது வழக்கம். சென்னையிலிருந்து மைத்துனர் குடும்பமும் அவருடைய நண்பர்கள் இருவரின் குடும்பங்களும் வந்திருந்தன. குழந்தைகளையும் சேர்த்தால் பதினேழு பேர். காலையிலேயே மைத்துனர் திட்டம் வகுத்துவிட்டார்.

"அத்தான், மணப்பாட்டுல ஒரு வள்ளம் பேசி விடுங்க. ஆத்து முகத்துல ஒரு சுத்து சுத்தி, நாரை கீரை எல்லாம் பாத்துட்டு, படகுலயே சாப்பிட்டுட்டு வந்துருவோம்."

முடியாது என்றேன். தமிழாசிரியருக்கு நெய்தலைப் பாடம் நடத்தத்தான் தெரியும், தண்ணீரைக் கண்டால் பயம் என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் என் மறுப்புக்குக் காரணம் இருந்தது. 2017 பிப்ரவரி 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மணப்பாட்டில் வெளியூரிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் மீன்பிடிப் படகொன்றில் ஏறி உல்லாசமாகக் கடலுக்குள் சென்றார்கள். படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் மாண்டார்கள். உடன்குடிக்கும் மணப்பாட்டுக்கும் சில கிலோமீட்டர்தான் தூரம். அன்று மாலை எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் சரியாகச் சோறு இறங்கவில்லை. சென்னைக்காரர்களுக்கு அது ஒருநாள் செய்தி.

பூசல் அன்றே தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. கூட்டமாகப் படகேறிச் சேற்றுநிலத்தின் பறவையையும் விலங்கையும் வேடிக்கை பார்க்கும் வழக்கம் நமக்கு எப்போது வந்தது? அப்படிப் பார்ப்பவர்கள் எதைப் பார்த்தார்கள்? ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம், எந்தக் கேள்வியையும் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குவது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து தேங்கும் நிலத்துக்குப் பழந்தமிழில் பெயர் கழி. கண்டலும் தில்லையும் தாழையும் அதன் கரையில் வளரும். நெய்தல் திணைப் பாடல்களில் பாதி இந்தக் கழிக்கரையில்தான் நிகழ்கின்றன. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூற்றை எடுத்துக்கொண்டால், பத்துப் பத்துகளில் இரண்டு பறவைகளின் பெயரையே கொண்டவை. ஒன்று வெள்ளாங்குருகுப் பத்து, மற்றொன்று சிறுவெண்காக்கைப் பத்து. குருகு எங்கே தங்கும், எப்படி மிதித்து நடக்கும், எதைத் தின்னும் என்பதெல்லாம் அந்தப் புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கவனியுங்கள், பறவையைப் பார்ப்பதற்கென்று படகேறியவர் யாரையும் அங்கே நான் கண்டதில்லை. பார்ப்பவர் கரையில் இருக்கிறார். தலைவி கானலில் காத்திருக்கிறாள், தோழி பக்கத்தில் நிற்கிறாள். காத்திருப்பவருக்கு வேறு வேலை இல்லாததால் நண்டின் வளையும் நாரையின் கழுத்தும் கண்ணில் படுகின்றன. நெய்தலின் அத்தனை நுணுக்கமும் நின்ற இடத்திலிருந்து கிடைத்த நுணுக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கழியில் படகு இருந்தது, ஆனால் அது தொழிலுக்கான படகு. வெள்ளுப்பைக் கொண்டுபோய் விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப் போலக் கழிக்கரையில் கட்டப்பட்டிருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவன் தலைவன், அவனும் தேரில் வருகிறான். தேர்ச்சக்கரம் சேற்றில் புதைகிறது, நெய்தல் பூவை அறுக்கிறது, நண்டைக் கலைக்கிறது. இரவில் கழியைக் கடந்து வராதே, அங்கே சுறாவும் முதலையும் திரிகின்றன என்று அவனைத் தடுக்கும் தோழிகள் பலர். வகுப்பில் இதை 'இரவுக்குறி மறுத்தல்' என்று துறை வகுத்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். களவை விட்டு மணம் முடிக்கச் சொல்லும் உத்தி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் மணப்பாட்டுச் செய்தி வந்த வாரத்தில் அந்தப் பாடல்களை வகுப்பில் படித்தபோது, தோழியின் குரலில் வெறும் உத்தி மட்டும் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீரின் குணம் அறிந்த ஊர்க்காரி, அறியாத வெளியூரானிடம் பேசுகிறாள்.

இடையில் பல நூற்றாண்டுகளைத் தாண்டுகிறேன். வெள்ளையர் ஆட்சியில் சேற்றுநிலத்துக்குப் பொழுதுபோக்காகச் சென்றவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியோடு சென்றார்கள். வாத்தும் உள்ளானும் சுடுவது அவர்களுக்கு விளையாட்டு. வேடந்தாங்கல் ஏரியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட்டார்கள். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798-ல் அவர்களுடைய உரிமையை ஏற்றுக்கொண்டார். பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த உழவர்களுக்குத் தெரியும். இதிலும் பறவையை அறிந்தவர் கரைக்காரர்தாம்.

நண்பர்கள் கூட்டமாகப் படகில் ஏறி உப்பங்கழி வழியே இன்பப் பயணம் போன ஒரு நிகழ்ச்சி நவீனத் தமிழ் இலக்கியத்தில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. பாரதிதாசன் 1930களில் தன்மான இயக்கத் தோழர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை சென்ற பயணம் அது. 'மாவலிபுரச் செலவு' என்ற பாடல் அதிலிருந்து பிறந்தது. (செலவு என்றால் இங்கே பயணம். மாணவர்கள் ஆண்டுதோறும் இதைப் பணச் செலவு என்று எழுதுகிறார்கள். ஒரு வகையில் அதுவும் தவறில்லை.)

அவர்கள் சென்ற வழி பக்கிங்காம் கால்வாய். 1806-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில், பசித்த மக்களைக் கூலிக்கு அமர்த்தி அதன் பகுதிகளை வெட்டி இணைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மரக்காணத்திலிருந்து ஆந்திரக் கரை வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். வழியில் முட்டுக்காட்டுக் கழியையும் பழவேற்காட்டு ஏரியையும் அது தொட்டுச் செல்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக வந்து கலப்பதும் அதில்தான். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிச் சென்ற தோணிகளை, காற்று இல்லாத வேளையில், கரையில் நடந்த ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள்.

கவிஞரின் தோணியும் அப்படித்தான் இழுக்கப்பட்டது. பாடலின் முற்பகுதி முழுவதும் உல்லாசம். நீரும் காற்றும் தோழமையும் தரும் களிப்பு. பிறகு கவிஞரின் பார்வை தோணியைவிட்டுக் கரைக்குத் திரும்புகிறது. கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கும் தொழிலாளர் அங்கே தெரிகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பயணம் பழையபடி இனிக்கவில்லை. சிற்பம் பார்க்கப் புறப்பட்டவர் வழியிலேயே வேறொன்றைப் பார்த்துவிட்டார். புரட்சிக் கவிஞரின் கொள்கை முழக்கங்களைவிட இந்தப் பார்வைத் திருப்பமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. (முழக்கங்களை விரும்புவோர் என்னோடு சண்டைக்கு வரலாம்.) பஞ்சத்தில் வெட்டிய கால்வாயில், கூலிக்காரர் இழுக்கும் தோணியில் சென்றபோது, இழுப்பவரையும் காட்சியில் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த பயணி அவர்.

அந்தத் தோணிப் போக்குவரத்து இன்று இல்லை. சென்னை நகருக்குள் கால்வாய் சாக்கடையாகிவிட்டது, அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தெற்கே முட்டுக்காட்டில் 1980களில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் தொடங்கியது. அங்கே இரண்டடுக்கு மிதக்கும் உணவகம் ஒன்றும் அண்மையில் கட்டப்பட்டிருக்கிறது. கவிஞரின் தோணி போன வழியில் இப்போது பிறந்தநாள் விருந்து நடத்தலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் படகேறிச் சதுப்பைக் காண்பது என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுமார் 1100 எக்டேர் பரப்பில் கிடக்கும் கண்டல் காடு. 1975-ல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' அந்த நீர்ச்சந்துகளை ஊருக்கெல்லாம் காட்டியது. அதற்கு முன்பு அது என்னவாக இருந்தது என்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை. பிரித்தானியர் காலத்திலிருந்து 1970கள் வரை வனத்துறை அதைப் பாத்தி பாத்தியாக, முறை வைத்து, முற்றிலுமாக வெட்டியெடுத்தது. வெட்டினால் திரும்பவும் முளைக்கும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. மரம் போன இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது. கண்டலே வளர முடியாத அளவுக்கு உப்பு. உள்ளூர் மக்கள் விறகுக்கும் மாட்டுக்கும் காட்டை அழித்தார்கள் என்றுதான் நெடுங்காலம் பழி சொல்லப்பட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோதுதான் உண்மைக் காரணம் தெளிவாயிற்று. மருந்தும் எளிது. மீன்முள்ளைப் போல ஒரு நடுவாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். ஓதத்தில் நீர் ஏறி வற்றத்தில் இறங்க வழி செய்துவிட்டால் உப்பு குறையும், கன்று பிழைக்கும். ஊரார் கையால்தான் அந்த வாய்க்கால்கள் வெட்டப்பட்டன.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு பிச்சாவரத்துக்குப் புதிய புகழ் வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஆழிப்பேரலையில் தப்பின என்று நாளிதழ்கள் எழுதின. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள் 2005-ல் அதை ஆதரித்து எழுதினார்கள். மறு ஆண்டே வேறு சில அறிஞர்கள் அதே தரவுகளை எடுத்து, ஊர் இருக்கும் மேடும் கடலிலிருந்து அதன் தூரமும்தாம் சேதத்தின் பெரும்பகுதியை விளக்குகின்றன என்று மறுத்தார்கள். நம்மவர்கள் முதற்கட்டுரையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். கண்டல் காட்டைக் காப்பாற்ற அது சுனாமியைத் தடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. மீனும் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடம் என்பதே போதும். 2022-ல் பிச்சாவரமும் பள்ளிக்கரணையும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி ஆசிரியர்கள் குடும்பத்தோடு அங்கே போனோம். மோட்டார் படகுதான் வேண்டும் என்றது பெரும்பான்மை. சிறிய ஒலிபெருக்கியும் முறுக்குப் பொட்டலங்களும் ஏறின. அகன்ற வாய்க்காலில் அரைமணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். தூரத்தில் வெள்ளையாகச் சில புள்ளிகள் எழுந்து பறந்தன. அவை கொக்கா நாரையா என்று யாருக்கும் தெரியவில்லை, இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூவர் அந்தப் படகில் இருந்தோம்.

மனம் கேளாமல், திரும்பி வந்ததும் நானும் தாவரவியல் ஆசிரியர் ஒருவரும் தனியாக ஒரு துடுப்புப் படகு எடுத்தோம். மரக்கிளைகள் கூரையாய்க் கவிந்த குறுகிய சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் போகும். படகோட்டி நடுவயதுக்காரர், அதிகம் பேசவில்லை. ஓரிடத்தில் துடுப்பை நிறுத்தி, "சார், அந்தக் கெளைய ஒடைக்காதீங்க, தில்லை. பால் கண்ணுல பட்டா போச்சு" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்த காரணத்தை நான் இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். தில்லை மரத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன், அதுவும் உடைக்கப் போன கையோடு. வேரூன்றி நிற்பது சுரபுன்னை என்றும், சேற்றிலிருந்து ஆணி முளைத்ததுபோல் மூச்சுவேர் விடுவது கண்டல் என்றும் காட்டினார். சேற்றுக்கும் வேருக்கும் நடுவே ஒரு பெண் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டிருந்தார். இருளர், வலை இல்லாமல் கையாலேயே பிடிப்பவர்கள் என்றார் படகோட்டி. அந்த அம்மையார் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு மூன்றடி தள்ளி ஒரு சிறு கொக்கு, அதே வேலையில், அதே குனிவில் நின்றது. அதுவும் எங்களைப் பார்க்கவில்லை.

களி என்ற சொல்லுக்கு மகிழ்ச்சி என்றும் பொருள், குழைந்த சேறு என்றும் பொருள். மோட்டார் படகில் எங்களுக்கு முதற்பொருள் கிடைத்தது.

இப்போது பூசலுக்குக் காரணமான இடத்துக்கு வருகிறேன். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய காடு அந்த ஏரி. பட்டுப்போன மரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. கரைக்கு வரும் யானையையும் காட்டெருமையையும் காணத்தான் எல்லோரும் படகேறுகிறார்கள். அன்று விலங்கு கண்ணில் பட்டதும் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்பது தப்பியவர்கள் சொன்னது. படகின் அமைப்பிலேயே நிலைப்பாடு குறைவு என்பதும் விசாரணையில் வெளிவந்தது. 2011-ல், கிறிஸ்துமஸ் நாளன்று, பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற ஒரு கூட்டத்தின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023 மே 7-ல் மலப்புறம் மாவட்டம் தானூரில், ஆற்று முகத்தில், மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகில் மீண்டும் 22 பேர். எல்லாம் விடுமுறை, எல்லாம் குடும்பம் குடும்பமாக.

வலை இழுக்கக் கட்டிய வள்ளத்தில் எடை எங்கே இருக்க வேண்டும் என்பது வள்ளக்காரருக்குத் தெரியும். அதில் நிற்பவர்கள் ஐந்தாறு பேர், ஒருவர் நகர்ந்தால் மற்றவர் உடல் தானாக ஈடு செய்யும். அது பழகி வந்த அறிவு. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அந்த உடலறிவு இல்லை. அவர்கள் கண் போகும் பக்கம் உடம்பும் போகும். பூநாரை இடப்பக்கம் எழுந்தால் இருபது பேரும் இடப்பக்கம். மணப்பாட்டு ஆற்று முகத்தில் மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும், அலை எங்கே உடையும் என்பதை உள்ளூரார் நாள்தோறும் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பதினேழு பேர், அதில் ஆறு குழந்தைகள். என் மறுப்பை இப்படி விரித்து அன்று சொல்ல எனக்கு வரவில்லை. "வேண்டாம்னா வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டேன். மைத்துனர் கோபித்துக்கொண்டதில் வியப்பில்லை.

பகல் பதினொரு மணிக்குச் சமாதானமாகி, இரண்டு வண்டிகளில் திருச்செந்தூர் தாண்டித் தூத்துக்குடிச் சாலையில் வடக்கே போனோம். ஆத்தூர்ப் பாலத்தில் தாமிரபரணியைக் கடக்கும்போது, கிழக்கே இந்த ஆறு கடலில் சேரும் இடம் புன்னைக்காயல் என்று சொன்னேன். புன்னையும் காயலுமாக, நெய்தல் திணை முழுவதும் அடங்கிய ஊர்ப்பெயர். ஆறு மண் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிப்போனது. பாண்டியரின் முத்துத் துறையாயிருந்த கொற்கை இன்று வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. அடுத்த துறையான பழையகாயலும் உள்நாட்டு ஊராகிவிட்டது. பின்னிருக்கையில் யாரோ கொட்டாவி விட்டது கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

பழையகாயல் தாண்டி உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டினோம். பாத்திகளுக்குக் கிழக்கே கண்டல் புதர்கள் கரும்பச்சையாய்த் தெரிந்தன. வரப்பின்மேல் நின்றோம், பதினேழு பேரும் வரிசையாக, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றும் ஆகாது. கால்மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் உப்பை நக்கிப் பார்த்தார்கள். உப்பு வாரும் பெண்கள் இருவர் எங்களைக் கண்டு சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரே கையை நீட்டி, "அந்தா, செவப்பு நாரை நிக்கி பாருங்க" என்று காட்டினார்.

முப்பது நாற்பது இருக்கும். தலையைக் கவிழ்த்து, நீரைச் சல்லடையிட்டபடி, ஒரே திசையில் மெல்ல நடந்துகொண்டிருந்தன. மைத்துனரின் செல்பேசியில் அவை இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத்தான் விழுந்தன. அவருடைய இளைய மகள் மட்டும் படம் எடுக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, அதுக்கு முழங்கால் ஏன் பின்னாடி மடங்குது?" என்று கேட்டாள். அது முழங்கால் இல்லை, கணுக்கால் என்று எங்கோ படித்த நினைவு. சொன்னேன், நம்பவில்லை.

புளியோதரையை அந்த வரப்பிலேயே பிரித்தோம். உப்புக்காற்றில் அது ஒரு மாதிரி கரித்தது. "அடுத்த வருசம் பிச்சாவரம், அத்தான். துடுப்புப் படகு, ஆளுக்கொரு ஜாக்கெட்டு. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மைத்துனர். ஒப்புக்கொண்டிருக்கிறேன். பதினேழு பேருக்கு எத்தனை துடுப்புப் படகு வேண்டும் என்பதை விசாரிக்க வேண்டும்.